முன்கதவும் பின்கதவும்

நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த மறுநாள் காலை, வாயில் வட்டிலப்பத்தின் இனிப்புகூடப் போகவில்லை, மாமா என்னைக் கார் கொட்டிலுக்கு அழைத்துப்போய்த் தன் காரின் கதவுகளைக் காட்டினார்.

"மகன், இத அமத்துங்க" என்றார். முன்கதவின் கைபிடியில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன், திறந்தது.

"இப்ப இதக் கீழால இழுங்க."

பின்கதவின் கைபிடி வேறு மாதிரி. பொத்தான் இல்லை. நீளமாக, சற்று வளைந்து, கீழே இழுத்தால் திறக்கிற கைபிடி. இழுத்தேன், அதுவும் திறந்தது.

"விளங்கிச்சா? முன்னுக்கு ஒரு கார், பின்னுக்கு ஒரு கார். ரெண்ட வெட்டி ஒண்டாப் பொருத்தி என்ட தலையில கட்டிட்டான் ஒருத்தன். அதுவும் ஆரு? என்ட கூட்டாளி."

புது மாப்பிள்ளை வேறு என்ன செய்வான்? தலையை ஆட்டினேன். எனக்கு மட்டும் ஒரு தடவை காட்டியதாக நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இந்த வீட்டுப் படலையைத் தாண்டி வருகிற எல்லாருக்கும் அது உண்டு. பள்ளிவாசல் சந்தாவுக்கு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், மின்சார மீட்டர் வாசிக்க வருகிறவர், ஒருவரும் தப்பமாட்டார்கள். மாமி உயிரோடு இருந்தபோது, அடுப்படியில் நின்றபடி "கதவு காட்டி முடிஞ்சிட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் தேநீரை ஊற்றுவார். முதலிலேயே ஊற்றினால் ஆறிப்போகும்.

கார் எந்தக் கம்பனியுடையது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கல்முனையில் பாதிப் பேருக்கு யார் வீடு என்று தெரிந்துவிடும். வெள்ளைக்காரன் காலத்துக்குக் கொஞ்சம் பிந்திய, இங்கிலாந்தில் செய்த, நான்கு கதவுக் கார். முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழிக்கிற வாத்தியாரைப் போல இரண்டு விளக்குகள். அது போதும்.

கதவு மட்டும் என்றால் நானும் பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். பழகப் பழக அந்தக் காரின் மற்றக் கோணங்கித்தனங்களும் தெரிந்தன. முன் ஆசனத்தின் தோலில் தையல் நெருக்கமாகவும், பின் ஆசனத்தில் அகலமாகவும் ஓடியது. நடுத்தூணில், இரண்டு கதவுகளுக்கும் இடையில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பொந்து இருந்தது. அந்தக் காலத்தில் கார் திரும்பும்போது பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும், அதற்கான பொந்து. ஆனால் இந்தக் காரில் கை இல்லை. பொந்தைத் தகடொன்றால் மூடி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். சிக்னல் காட்ட முன்பக்கத்தில் மினுங்குகிற விளக்கு இருந்தது. முன்னால் புதுசு, நடுவில் சந்தேகம், பின்னால் பழசு. மாமா சொன்னது சரி என்றுதான் எவருக்கும் தோன்றும். எங்கள் பக்கத்தில் அடிபட்ட இரண்டு வாகனங்களை ஒன்றாக்கி ஓடவிடுவது புதினமான விஷயமும் அல்ல.

காரைக் கொண்டுவந்து கொடுத்தவர் திருக்கோவில் பக்கத்துத் தமிழர். அவருடைய வயலும் மாமாவின் வயலும் ஒரே வாய்க்காலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தண்ணீர் முறைக்கு இரவில் காவல் இருந்து, ஒரே சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று வளர்ந்த கூட்டு அது என்று மாமி சொல்லியிருக்கிறார். மாமாவுக்குக் கார் ஆசை வந்தபோது, கூட்டாளிதான் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த தன் உறவினர் மூலம் ஒரு துரையின் காரைப் பிடித்தார். தானே ஓட்டி, மலையெல்லாம் இறங்கிக் கல்முனை வரை கொண்டுவந்து கொட்டிலில் நிறுத்தினார். அன்று இரண்டு பேரும் காரைச் சுற்றிச் சுற்றிக் கழுவினார்களாம்.

கொஞ்சக் காலத்தில் சக்கரத்தில் ஏதோ கோளாறென்று மாமா ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். அங்கே நின்ற ஒருவர், கராஜ்காரர்கூட இல்லை, தன் லொறிக்காகக் காத்திருந்தவர், சிரித்துக்கொண்டு சொன்னார்: "இது ரெண்டு காரெல்லவா." அந்த ஒரு வாயால் எல்லாம் முடிந்தது. மாமா கூட்டாளிக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்தார். நாலு பேர் இருக்கும்போது மாமா முன்கதவைத் திறந்தார், பின்கதவைத் திறந்தார். "இது என்ன?" என்று கேட்டார். கூட்டாளி இரண்டு கைபிடியையும் பார்த்தார். ஊற்றிவைத்த தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். அடுத்த போகத்தில் தன் வயலை வேறொருவருக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்.

இது நடந்து கொஞ்ச நாளில் நாட்டு நிலைமை கெட்டது. ரோட்டில் போக்குவரத்துக் குறைந்தது. தமிழ் ஊர்க்காரர் முஸ்லிம் ஊருக்கு வரவும், முஸ்லிம்கள் தமிழ் ஊருக்குப் போகவும் பயந்த காலம். யார் யாரோ யாருடனோ கதைப்பதை நிறுத்தினார்கள். மாமாவும் கூட்டாளியும் பிரிந்ததையும் ஊர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு ஒற்றுமையா இருந்தவங்க. கடைசியில அவங்கட ஆக்கள் அவங்கட ஆக்கள்தான்" என்று பள்ளிவாசல் முன்னாலேயே ஒருவர் சொன்னார்.

மாமாவுக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எனக்கு அது விளங்கவே பல வருடம் எடுத்தது. அவர் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கதவைக் காட்டியது கோபத்தால் மட்டும் அல்ல. ஒருநாள் யாரோ ஒரு விருந்தாளியிடம் அவர் சொல்லி முடிக்கும் வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். "அவன் தமிழன் எண்டதுக்காக நான் கூட்ட விடல்ல. அத வாயாலயும் சொல்லிராதீங்க. இந்தக் கதவுக்காக விட்ட. இந்தா, கண்ணாலயே பாருங்க." கதவு அவருக்குக் குற்றப்பத்திரிகை மட்டும் அல்ல, தன் மனச்சாட்சிக்கான தஸ்தாவேஜும் கூட.

அதனால் அந்தக் காரில் எதையும் மாற்ற விடமாட்டார். பின்கதவுக் கைபிடி ஒருமுறை இரண்டாக உடைந்தது. கொழும்பில் பழைய சாமான் விற்கும் கடையில், முன்கதவில் இருப்பது போலவே பொத்தான் வைத்த ஒரு சோடி இருப்பதாக அறிந்து, நான் சந்தோஷமாக வந்து சொன்னேன். இரண்டு பின்கதவுக்கும் அதைப் போட்டுவிட்டால் கார் பார்க்கவும் ஒழுங்காக இருக்கும் என்றேன். மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாட்சியக் கலைக்கப்படாது" என்றார்.

உடைந்த துண்டுகளைக் கொண்டுபோய்ப் பித்தளை வைத்து ஒட்டுவித்தார். ஒட்டின இடம் வீங்கின விரல் மாதிரி இருந்தது. பொந்தை மூடிய தகட்டில் துரு ஏறியபோதும் அதைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தாரே தவிர, பொந்தை நிரப்ப விடவில்லை. ஆசனத் தோலும் அப்படித்தான். ஊரில் பழைய கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் இருக்கிற சாமானைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஒரு கார் மட்டும் வந்த மாதிரியே இருந்தது. பாசத்தால் அல்ல, வன்மத்தால்.

இப்போது என் மகளுக்குக் கலியாணம் வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான், நான் வந்தது போல. எனவே இந்த வீட்டை மகளுக்கு விட்டுவிட்டு, நானும் மனைவியும் மாமாவும் அதே வளவின் பின்பக்கத்தில் கட்டிய சின்ன வீட்டுக்குப் போகவேண்டும். மகள் ஒன்றைத்தான் கேட்டாள்: "மாப்பிள்ளைய மூத்தவாப்பாட காருலதான் கூட்டி வரணும்." பேத்தி சொன்னால் மாமா மறுக்கமாட்டார். ஆனால் காரின் மேனி அங்கங்கே பொருக்கு விட்டிருந்தது. முழுப் பெயின்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்கவேண்டும் என்றேன். "கைபிடியில கை வைக்கப்படாது" என்ற நிபந்தனையோடு மாமா சாவியைத் தந்தார்.

பெயின்ட் அடிப்பவர் எந்நேரமும் காதில் போனை வைத்துக்கொண்டு யாருடனாவது கதைக்கும் ஆள். வேலை நடக்குமோ என்று பயந்து தினமும் போய் நின்றேன். ஒருநாள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேர், ஒட்டு எங்க?"

"என்ன ஒட்டு?"

"ரெண்டு கார் எண்டுதானே சொன்னீங்க. ஒட்டின இடத்துக்குப் பூச்சு வெச்சுச் சமப்படுத்தணும். அதுக்கும் சேத்துத்தான் விலை சொன்ன. இப்ப ஒட்டக் காணல்லயே."

காரைப் பார்த்தேன். வெறும் இரும்பாக நின்றது. கூரையில் தடவினேன். கதவுக்குக் கீழே ஓடும் பட்டியில் தடவினேன். ஆசனங்களைக் கழற்றியிருந்ததால் தளமும் தெரிந்தது, முன்னிருந்து பின்வரை ஒரே தகடு. குப்புறப் படுத்து அடியிலும் பார்த்தேன், உடுத்திருந்த சாரமெல்லாம் ஒயில். இரண்டு காரை ஒன்றாக்கினால் எங்காவது ஒரு கோட்டில் உருக்கி ஒட்டித்தான் ஆகவேண்டும். இந்தக் காரில் அப்படி ஒரு கோடு எங்கும் இல்லை. இன்னும் கழற்றாத பின்கதவின் உட்பக்கத்தில், ஒரு மூலையில், கம்பனியின் முதல் பெயின்ட் மிச்சமாக இருந்தது. இலைப்பச்சை. முன்கதவின் உட்பக்கத்திலும் அதே பச்சை. நடுத்தூணில் பொந்தை மூடிய தகட்டை நெம்பி எடுத்தால், அதற்கு அடியிலும் அதே பச்சை.

அப்படியென்றால் இது முன்னும் பின்னும் ஒரே கார். பெயின்ட்காரர் மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

இந்தக் கார் வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இருந்து கதைக்கும் ஒரு குழு இணையத்தில் இருந்தது. கதவுகள், தூண், ஆசனம் எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டு, இப்படி யாரும் கண்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். நியூசிலாந்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண்மணி தன் காரின் படங்களை அனுப்பினார். முன்கதவில் பொத்தான், பின்கதவில் இழுக்கிற கைபிடி, நடுத்தூணில் மூடிய பொந்து. என் படத்தையே எனக்குத் திருப்பி அனுப்பிவிட்டாரோ என்று ஒரு கணம் நினைத்தேன், அவருடைய கார் வெள்ளை.

அவர் எழுதியது இதுதான். பழைய மாதிரி முடிந்து புது மாதிரி தொடங்குகிறபோது தொழிற்சாலை ஒருநாளில் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதில்லை. பழைய பின்கதவுகள் கைபிடியோடு மிச்சம் கிடந்தால் தீரும் வரை அவற்றையே பூட்டும். புது முன்கதவு வந்துவிட்டால் அதைப் பூட்டும். பொந்து வெட்டிய தூண்கள் மிச்சம் இருந்தால் மூடிவிட்டுப் பயன்படுத்தும். அந்த மாற்ற காலத்தில் இறங்கிய கார்கள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. இன்னொருவர் தன் காரில் முன் ஆசனம் பழசு, பின் ஆசனம் புதுசு என்று எழுதினார். பெரும்பாலும் சொந்தக்காரர்கள் பிழை என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள், உங்கள் கார் எப்படி ஒன்றும் மாறாமல் தப்பியது, யார் இவ்வளவு அக்கறையாக வைத்திருந்தார்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டிருந்தார்.

நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். புது மாதிரி மதகுக் கதவுக்கு வரைபடம் வந்த பிறகும், முற்றத்தில் கிடந்த பழைய கதவுகளைப் புது வாய்க்காலில் பூட்டி முடித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். இத்தனை வருடம் இந்தக் காரின் பக்கத்தில் படுத்து எழும்பியும் எனக்கு அது தோன்றவில்லை. மாமா மாட்டிவிட்ட கண்ணாடியைப் போட்டுக்கொண்டே காரைப் பார்த்திருக்கிறேன், எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது.

பின்னேர அஸர் தொழுதுவிட்டு மாமா பள்ளிவாசலிலிருந்து வந்து, வெறுமையாகக் கிடந்த கொட்டிலைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தார். படங்களைக் காட்டினேன்.

"என்ட காருக்கு ஏன் வெள்ள அடிச்ச?" என்று திடுக்கிட்டார்.

"இது உங்கட கார் இல்ல மாமா. நியூசிலாந்துல இரிக்கிற கார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அங்கயும் ஏமாத்துறவன் இரிப்பான்தானே" என்றார். அடுத்த படத்தைக் காட்டினேன். அதற்கடுத்ததையும் காட்டினேன். கம்பனி ஏன் அப்படிச் செய்தது என்று சொன்னேன். மாமா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "காரக் காட்டுங்க" என்றார்.

பெயின்ட் கடையில் அவர் காரைச் சுற்றி வந்தார். கதவுக்குக் கீழே குனிந்து, ஒரு விரலால் முன்னிருந்து பின்வரை கோடு போட்டுக்கொண்டே போனார். விரல் எங்கேயும் தடுக்கவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெயின்ட் தகரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"ஊர் என்ன சொன்ன எண்டு உங்களுக்குத் தெரியும்தானே" என்றார்.

"ஓம் மாமா."

"இல்ல, கதவுக்காகத்தான் எண்டு நான் சொன்னன். எல்லாருக்கும் காட்டிக் காட்டிச் சொன்னன். இப்ப கதவும் இல்லயெண்டா, மறுகா நான் அவன எதுக்காக விட்ட?"

நான் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கவேண்டும். "ஒரு பிழை நடந்திட்டு மாமா, விடுங்க" என்றேன். அவர் என்மேல் பாய்ந்தார். "நீங்க பெயின்ட அடிச்சு முடிங்க. உங்கள ஆரு தேடச் சொன்ன?" வீட்டுக்கு ஓட்டோவில் தனியாகப் போய்விட்டார்.

கார் இலைப்பச்சை நிறத்தில் திரும்பி வந்தது. கைபிடிகளை நான் தொடவிடவில்லை. மனைவியின் சின்னம்மா வீட்டார் கலியாண அலுவலாக வந்தவர்கள் காரைப் பார்த்து அதிசயப்பட்டு, வழக்கம்போல முன்கதவுப் பக்கம் போய் நின்றார்கள், காட்டட்டும் என்று. மாமா எழும்பவில்லை. "டீ ஆறுது, வந்து குடிங்க" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். வாப்பா மௌத்தாகி எங்களை விட்டுப் போகும் நேரம் நெருங்கிவிட்டதோ என்று பயந்ததாக அவள் பிறகு என்னிடம் சொன்னாள்.

"நீங்க சும்மா இருந்திரிக்கலாம்" என்றும் சொன்னாள். "அவரு கோவத்தோடயாவது நல்லா இருந்தாரு."

ஒரு மனிதரிடமிருந்து அவருடைய கோபத்தைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் வைக்க ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்ற கவலை எனக்கு இருந்தது. உண்மையைச் சொல்வது நல்லது என்று பிள்ளைகளுக்கு லேசாகச் சொல்லிவிடுகிறோம். எண்பது தாண்டியவருக்கு யார் சொல்வது, எப்போது சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கலியாணம் சொல்வதென்றால் எங்கள் ஊரில் அட்டை கொடுத்தால் போதாது. பெரியவர் நேரில் போய், உட்கார்ந்து, வாயால் சொல்லவேண்டும். கல்முனையும் சாய்ந்தமருதும் முடிந்து, நிந்தவூரில் இரண்டு வீடு மிச்சம் இருந்த காலை, மாமா வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக வந்து காரின் பின்கதவைத் திறந்தார். எப்போதும் முன்னால், என் பக்கத்தில்தான் உட்காருவார்.

நிந்தவூரில் சொல்லி முடித்துக் காரைத் திருப்பப் பார்த்தேன்.

"நேர விடுங்க" என்றார் பின்னாலிருந்து.

"எங்க மாமா?"

"திருக்கோவிலுக்கு."

நான் கண்ணாடியில் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் மனம் மாறிவிடுமோ என்ற பயம். அட்டாளைச்சேனை தாண்டும்போது அவர் வாய்க்குள் ஏதோ சொல்வது கேட்டது. ஓதுகிறார் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தால், "மச்சான், விஷயம் என்னண்டா" என்று தொடங்குகிறார், நிறுத்துகிறார், மறுபடி வேறு மாதிரித் தொடங்குகிறார். அக்கரைப்பற்றில் நிறுத்தச் சொல்லி, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு வாங்கினார். கூட்டாளிக்கு அது உயிர் என்றார்.

வழி அவருக்கு மறக்கவில்லை. ஆனால் வீட்டின் அடையாளம் மாறியிருந்தது. முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார்.

"இது அந்தக் காரா?"

கூட்டாளியின் மகள். மாமாவைச் சின்ன வயதில் கண்டவராம். உள்ளே வரச் சொன்னார். மாமா மஸ்கட் பெட்டியை நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு, தயங்கி, "அப்பாக்கு நல்லாச் சீனி வருத்தம், மாமா. அதாலதான் கண்ணும் போச்சு. ரெண்டும் தெரியாது" என்றார்.

மாமா முற்றத்திலேயே நின்றுவிட்டார்.

மகள் உள்ளே போனார். அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மெலிந்த மனிதர் வாசலுக்கு வந்தார். "ஆரு?" என்று கேட்டார். மாமாவின் வாய் அசைந்தது. காரில் பழக்கிக்கொண்டு வந்த ஒரு சொல்லும் வரவில்லை. மறுபடி "ஆரு வந்திருக்கிற?" என்று கேட்டார் அவர். மாமா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய், காரின் முன்கதவைத் திறந்து சாத்தினார். அதன்பிறகு பின்கதவின் கைபிடியைக் கீழே இழுத்து, திறந்து, அதையும் சாத்தினார்.

அந்த மனிதர் அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றார். மகளின் தோளை விட்டுவிட்டு, கைகளை முன்னால் நீட்டியபடி நெல்லில் மிதித்து நடந்து வந்தார். முன்கதவின் பொத்தானைத் தடவினார். நடுத்தூணைத் தடவினார், பொந்தின் மூடியில் விரல் நின்றது. கடைசியில் பின்கதவின் கைபிடிக்கு வந்தார். வீங்கின இடத்தில் பெருவிரல் போய் வந்தது.

"இது ஒடஞ்சதா?"

"ஓம்" என்றார் மாமா. அதுதான் அவர் சொன்ன முதற்சொல்.

"ஒட்டி வெச்சிருக்கிறாய். புதுசு போட்டிருக்கலாமேடா."

"சாட்சிக்கு வெச்சிருந்தன் மச்சான்" என்றார் மாமா. "நீ ஏமாத்தினதுக்குச் சாட்சி. இப்ப பாத்தா, கம்பனியே அப்பிடித்தான் செஞ்சிரிக்கி. கதவு மிஞ்சினதாம், பூட்டிட்டானாம். கார் சரியான கார்தான். நீ ஏமாத்தல்ல."

நான் எதிர்பார்த்தது வேறு. இவ்வளவு காலம் வீண்பழி சுமந்தவர் கோபப்படுவார், குறைந்தது, என்னை நம்பாமல் போனாயே என்பார் என்று நினைத்தேன். அவர் கைபிடியை விடவில்லை.

"எனக்கும் தெரியாதடா" என்றார். "நீ திறந்து காட்டினாய். நானும் பாத்தன். ரெண்டும் ரெண்டு விதமாத்தானே இருந்திச்சு. என்ன ஆரோ ஏமாத்திட்டான், நான் அதக் கொண்டுவந்து உன்ட தலையில கட்டிட்டன் எண்டுதான் நினைச்சன். புறகு எந்த மூஞ்சியோட உன்ட வீட்டுக்கு வாற?"

அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வெட்கப்பட்டுப் போயிருக்கிறார். மாமாவின் குற்றச்சாட்டை மாமாவை விட அதிகமாக நம்பியவர் அவர்தான்.

உள்ளே உட்கார்ந்தார்கள். தேநீர் வந்தது, இந்த முறை குடித்தார்கள். மகள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூட்டாளி ஒரு துண்டு மஸ்கட் வாங்கித் தின்றார். "பேத்திக்குக் கலியாணம். நீ வரணும்" என்றார் மாமா. "நான் வந்து என்னத்தப் பாக்கிற?" என்றார் அவர். "பாக்க வேணாம். வா" என்றார் மாமா.

திரும்பி வரும்போது மனம் நிறைந்து ஓட்டினேன். மாமாவும் சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ் ஒன்றுக்காக நிறுத்தியபோது, பின்னாலிருந்து கேட்டார்.

"கண் போய் எவ்வளவு காலமாம்?"

"ஏழெட்டு வருசமாம் மாமா."

"அதுக்கு முந்தி ஒருக்காப் போயிருக்கலாம். அவன் கடைசியாக் கண்ட என்ட மூஞ்சி, நான் கதவத் திறந்து காட்டின அண்டைக்கு இருந்த மூஞ்சிதான். இனி அத மாத்த ஏலா."

பஸ் போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன்.

கலியாணத்தன்று மாப்பிள்ளையைக் கூட்டிவந்து இறக்கியதும் அதே காரோடு நான் திருக்கோவிலுக்குப் போனேன், மாமாவின் கட்டளை. கூட்டாளியையும் மகளையும் ஏற்றிவந்து கொட்டிலில் நிறுத்தினேன். பந்தலில் அத்தனை சனம். மாமா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, பின்கதவின் கைபிடியைத் தானே இழுத்துத் திறந்தார். கூட்டாளி இறங்கி நிமிர்ந்தார். மாமா சலாம் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கித் தன் முகத்தின் மேல் வைத்தார்.

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கை முதலில் அசையவில்லை. பிறகு நெற்றியில் தொடங்கி, கண்களுக்குக் கீழே இறங்கி, தாடியைத் தடவி, பல் விழுந்து குழிந்துபோன கன்னத்தில் வந்து நின்றது. பெருவிரல் அந்தக் குழியில் போய் வந்தது.

"புதுசு போட்டிருக்கலாமேடா" என்றார் கூட்டாளி.

மாமா அந்தக் கையை விடாமல், அத்தனை பேருக்கும் முன்னால் அழுதார். உள்ளே, கூடியிருந்து ஒன்றாக உண்ணும் சஹன் தட்டில் சோறு வைத்துவிட்டதாக வந்து கூப்பிட்டார்கள். இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன்.